கொலைகாரனுக்கு மட்டும்தானா பூர்வகதை?

வந்தவாசியில் கோட்டைப் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் பாய் வியாபாரம். மூத்தவனுக்கு ஆறு வயது. லீவுக்கு வந்திருந்த கொழுந்தனார் ராத்திரி டி.வி.யில் ஒரு நாள் பேய்ப் படமும், மறுநாள் 'சைக்கோ' படம் ஒன்றும் போட்டுப் பார்த்தாராம். பையனும் போர்வைக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்திருக்கிறான். இப்போது பத்து நாளாய்த் தோட்டத்துப் பக்கம் தனியே போக மாட்டேன் என்கிறான். விளக்கை அணைத்தால் அலறுகிறான்.

"அத்தைகிட்ட சொன்னா, 'நாங்கல்லாம் தாவணி போட்ட வயசுல டூரிங் கொட்டாயில மணல்ல குந்திக்கினு சிகப்பு ரோஜாக்கள் பார்க்கலியா? எங்களுக்கு என்ன பைத்தியமா புடிச்சிடுச்சு?'ங்கறாங்க. பையனுக்கு மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. அக்கா, பொம்பளைங்களைக் கண்டதுண்டமா வெட்டறதையே படமா எடுக்கறாங்களே, இவங்களைக் கேக்கறதுக்கு ஆளே இல்லியா?"

கேள்வி இரண்டு. முதலில் பையன் விஷயம், அதுதான் அவசரம்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் "அது ரத்தம் இல்லேடா, சாயம்" என்று எத்தனை தடவை சொன்னாலும் முழுசாக ஏறாது. சுமார் ஏழு வயது வரைக்கும் குழந்தையைப் பயமுறுத்துவது உருவம்தான். கோரமான முகம், கறுப்பு நிழல், திடீர்ச் சத்தம். காரணம் சொல்லித் தேற்றுவது அதற்கு மேற்பட்ட வயதுக்கு. சின்னதுகளுக்கு மடிதான் மருந்து. ஆகவே சில நாளைக்குத் தோட்டத்துக்குக் கூடவே போங்கள், கதவைத் திறந்தே வைக்கட்டும், சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். "ஆம்பளைப் பிள்ளை, வெட்கமா இல்லே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பயம் போகாது. பயத்தைச் சொல்வது மட்டும் நின்றுவிடும். அந்தப் பேயை அவனையே ஒரு தாளில் வரையச் சொல்லி, அதற்கு மீசையும் ரிப்பனும் வைக்கச் சொல்லுங்கள். சிரித்துவிட்டான் என்றால் பாதி ஜெயித்த மாதிரி. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்தே டி.வி., போன் எதுவும் வேண்டாம்.

கயிறு கட்டியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளைக்கு அதில் தைரியம் வருமானால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கட்டும்போது அவன் காதுபட, "எதையோ பார்த்துப் பயந்திருக்கு, காத்துக் கறுப்பு அண்டியிருக்கு" என்று பேசுகிறோமே, அது படத்தைவிட மோசம். படம் இரண்டரை மணியில் முடிந்துவிடும். இது அவன் வீட்டுக்குள்ளேயே பேயைக் குடிவைத்துவிடுகிறது.

இன்னொன்று. விடியற்காலையில் எழுந்து அழுது, கண்ட கனவைச் சொல்கிற பிள்ளை வேறு. தூங்கின ஒன்றிரண்டு மணிக்குள் கண்ணைத் திறந்துகொண்டே வீறிட்டு, நம்மை அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டு, காலையில் ஒன்றும் ஞாபகம் இல்லாத பிள்ளை வேறு. முதலாவதற்கு அணைத்துத் தேற்றுங்கள். இரண்டாவதை உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானே அடங்கித் தூங்கிவிடும். மூன்று நாலு வாரம் ஆகியும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் சரிப்படாவிட்டால், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப ஆரம்பித்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"நாங்க பார்க்கலியா?" என்கிற அத்தைக்கு ஒரு தகவல். 1999-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். சின்ன வயதில் பார்த்த ஏதோ ஒரு படமோ டி.வி. காட்சியோ தங்களை நெடுநாள் பயமுறுத்தியது என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். பைத்தியம் யாருக்கும் பிடிக்கவில்லைதான். அதற்காகப் பிள்ளைக்கு ஒரு வருஷத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

இனி இரண்டாவது கேள்வி. எத்தனையோ நாளாக நானும் சொல்ல நினைத்தது.

'சிகப்பு ரோஜாக்கள்' 1978 அக்டோபர் கடைசி வாரத்தில் வெளிவந்தது. பதினாறு வயதினிலே, கிழக்கே போகும் ரயில் என்று வயலும் வரப்புமாய்க் காட்டிக்கொண்டிருந்த பாரதிராஜா, திடீரென்று பட்டணத்துப் பங்களா, கறுப்புப் பூனை, ரோஜாத் தோட்டம் என்று எடுத்த படம். கமல்ஹாசன், ஸ்ரீதேவி. இளையராஜா சங்கீதம். நிவாஸ் காமிரா. வெகு நாள் ஓடியது. ராஜேஷ் கன்னாவை வைத்து 1980-ல் ஹிந்தியிலும் 'ரெட் ரோஸ்' என்று எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வாரத்தில்தான் அமெரிக்காவிலும் 'ஹாலோவீன்' என்ற படம் வந்து கத்திக் கொலைப் படங்களுக்கு ஒரு பெரிய வரிசையையே துவக்கி வைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்து எடுத்ததல்ல. காற்று அப்படி வீசியிருக்கிறது.

படம் நன்றாக எடுக்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அறைக்குள் ஸ்ரீதேவி போய்ச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கிற இடம் இன்றைக்குப் பார்த்தாலும் கை சில்லிட்டுவிடும். அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் யோக்கியமில்லை.

ஆனால் கதையைச் சற்றே ஆற அமர நினைத்துப் பாருங்கள். பணக்கார வாலிபன் பெண்களை வசப்படுத்தி அழைத்து வந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். மேலே ரோஜாச் செடி. ஏன் இப்படி ஆனான்? ஒரு பிளாஷ்பேக். அநாதைப் பையனாக ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தபோது, அந்த வீட்டுப் பெண் அவனிடம் தப்பாக நடக்கப் பார்த்து, அகப்பட்டதும் பழியை அவன் மேல் போடுகிறாள். அடுத்து அடைக்கலம் புகுந்த வீட்டில், எஜமானி கணவன் இல்லாத நேரத்தில் வேறொருவனை வரவழைக்கிறாள். கணவன் அவளைக் கொல்கிறான். அவனே இந்தப் பையனுக்கு வளர்ப்புத் தந்தையும் ஆகிறான். ஆக, கொலைகாரன் இரண்டு பேர். அவர்களைக் கொலைகாரர்கள் ஆக்கியதோ இரண்டு பெண்கள்! பிறகு செத்துப்போகிறவர்கள் யார்? கூப்பிட்டதும் வருகிற 'மாடர்ன்' பெண்கள். பிழைப்பவள் யார்? கல்யாணத்துக்கு முன் கை படக் கூடாது என்று சொன்ன சாரதா. கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள். ஒழுங்காக இருந்தாயா, பிழைத்தாய். இல்லையா, ரோஜாவுக்கு உரம்.

மூடுபனி வந்தது 1980 தீபாவளிக்கு. பாலு மகேந்திரா. மென்மையான படம், ரத்தம் குறைவு, பார்க்க ஊட்டிப் பனி மாதிரியே இருக்கும். கதாநாயகி ஷோபா, 'பசி' படத்துக்கு தேசிய விருது வாங்கிய பெண், படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பே பதினேழு வயதில் போய்விட்டாள். அந்த முகத்தைத் திரையில் பார்க்கும்போது கதையே மறந்துபோகும். அந்தக் கதையில் பிரதாப் போத்தன் விலைமாதர்களைக் கொல்கிறான். காரணம்? சின்ன வயதில் அப்பா வெளிப் பெண்களிடம் போய்விட்டு வந்து அம்மாவைப் படுத்திய பாடு. சரி, கோபம் வரவேண்டியதுதான். யார் மேல்? அடித்தது அப்பா. கத்தி போவதோ வயிற்றுப் பிழைப்புக்காக நிற்கிற யாரோ ஒரு பெண்ணின் மேல். தியேட்டரில் யாருக்கும் இது உறுத்தவில்லை, எனக்கும் முதல் தடவை உறுத்தவில்லை. அவ்வளவு அழகாக எடுத்திருந்தார்கள்.

அது அந்தக் காலம் என்பீர்கள். நாற்பது வருஷம் தாண்டி வாருங்கள். 2018-ல் 'ராட்சசன்'. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைக் கடத்திச் சித்திரவதை செய்து கொல்கிற கதை. கடைசியில் அவிழ்கிற முடிச்சு என்ன? நோயால் முகம் மாறிப்போன ஒரு பையனை, அவன் ஆசைப்பட்ட பெண் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாள். 2020-ல் மிஷ்கினின் 'சைக்கோ'. தலையில்லாத பெண் உடல்கள் வரிசையாய் ஊரில் கிடக்கும். காரணம்? சின்ன வயதில் அவனைக் கொடுமைப்படுத்திய ஒரு டீச்சர். அதற்கு மேல், கடத்தப்பட்ட கதாநாயகியே கடைசியில் அவனைக் குழந்தை என்று சொல்லிப் பரிதாபப்படுகிறாள். இந்தப் படம் வந்தபோது பெரிய சர்ச்சையே நடந்தது. அங்குலிமாலனைப் புத்தர் மன்னித்த கதையை மனதில் வைத்து எடுத்தது என்றார்கள். கருணை பெரிய விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தத் தலையில்லாத பெண்களில் ஒருத்திக்காவது ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு பிறந்தநாள் இருந்ததா அந்தப் படத்தில்? கருணையும் அவனுக்கே, பிளாஷ்பேக்கும் அவனுக்கே.

நம் பாட்டிமார் பேய்க்கதை சொல்லவில்லையா? நன்றாகவே சொன்னார்கள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பழையனூர் நீலியை நம் பக்கத்தில் கேட்காத பிள்ளை உண்டா? கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நியாயம் கேட்பாள். அவளுக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குவார்கள். கேட்கிற பிள்ளைக்கு முதுகு சிலிர்க்கும். ஆனால் நீலி யார்? முற்பிறவியில் புருஷன் கையால் செத்தவள். கதை முழுக்கச் செத்தவள் பக்கம். அவளுக்குத்தான் பூர்வகதை. கொன்றவன் பயந்து ஓடுகிறான். எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டிமாருக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம், காமிராவும் கிரேனும் வைத்திருக்கிறவர்களுக்கு எங்கே போயிற்று?

ரத்தம் எவ்வளவு என்பதல்ல கேள்வி. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ல் வந்தது. குளியலறைக் கொலைக் காட்சி முக்கால் நிமிஷம்தான். கறுப்பு வெள்ளைப் படம், ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கத்தி உடம்பில் இறங்குவதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. பார்த்ததெல்லாம் கத்தி, கை, தண்ணீர், அலறல் என்ற துண்டு துண்டான படங்கள்தான். மிச்சத்தை நம் மனசே போட்டுக்கொண்டது.

கேள்வி, காமிரா யார் கண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பது. ஜீன் சிஸ்கெல், ரோஜர் ஈபர்ட் என்று இரண்டு அமெரிக்க விமர்சகர்கள் 1980-ல் தங்கள் டி.வி. நிகழ்ச்சி ஒன்று முழுவதையும் இதற்கே ஒதுக்கினார்கள். அப்போது வரிசையாய் வந்துகொண்டிருந்த படங்களில், காமிரா கொலைகாரனின் கண்ணாக இருந்து ஜன்னல் வழியே பெண்ணைப் பார்க்கிறது, பார்க்கிற ஜனங்களும் அவனோடு சேர்ந்து அவளைத் துரத்துகிறார்கள் என்று காட்டினார்கள். அதே சமயம் ஹாலோவீன் நல்ல படம் என்றும் அவர்களே சொன்னார்கள். அதாவது பயமுறுத்துவதே குற்றம் என்று சொல்லவில்லை. ஈபர்ட் அதே வருஷம் வேறொரு படத்தைப் பற்றி எழுதும்போது, ஒரு பெண்ணைச் சீரழிக்கிற காட்சியில் தியேட்டரில் இருந்த ஆண்கள் உற்சாகப்பட்டதைக் கேட்டதுதான் படத்தைவிட அருவருப்பாக இருந்தது என்ற கருத்தில் எழுதினார். நம் ஊர்க் கொட்டகையில் இம்மாதிரிக் காட்சிக்கு முன்வரிசையிலிருந்து விசில் வந்ததை நாமும் கேட்டவர்கள்தானே! தலையைக் குனிந்துகொண்டு கோரைப்பாயைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இதற்காகப் படத்தில் பெண்ணுக்கு நடக்கிற கொடுமையைக் காட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 'பாண்டிட் குவீன்' வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகவே சொன்னது. அந்தக் காட்சி கெட்ட ஆசையை எழுப்பவில்லை, செய்தவர்கள் மேல் வெறுப்பையும் அவள் மேல் இரக்கத்தையும்தான் எழுப்புகிறது என்று சொல்லிப் படத்தை அனுமதித்தது. நல்ல அளவுகோல்தான். ஆனால் படம் வந்தபோது பூலன்தேவியே, என் அவமானத்தை என்னைக் கேட்காமல் காட்டுகிறார்களே என்று கோர்ட்டுக்குப் போனதையும் மறக்கக் கூடாது. 'ராட்சசன்' படத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மாணவிகளிடம் தப்பாக நடக்கிற வாத்தியார் வரும் பகுதியில், அந்தப் பிள்ளையின் முகத்தில் இருக்கிற பயம்தான் நமக்குத் தெரிகிறது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த எத்தனையோ அம்மாக்கள் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருப்பார்கள். அதே படம்தான் கொலை செய்யப்பட்ட பிள்ளைகளின் உடம்பையும் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒரே படத்தில் இரண்டும் இருக்கலாம். அதனால்தான் இது சிக்கலான விஷயம்.

"இதையெல்லாம் பார்த்துத்தான் கொலை செய்கிறார்கள்" என்பதை மட்டும் நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். மணிவண்ணன் எடுத்த 'நூறாவது நாள்' 1984-ல் சக்கைப்போடு போட்டது. மொட்டைத் தலையும் சிவப்புக் கோட்டுமாய் வந்த சத்யராஜை மறக்க முடியுமா? அந்தச் சமயம் சென்னையில் ஒன்பது பேரைக் கொன்றதாகப் பிடிபட்ட ஒருவன், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. பின்னால் 1995-ல் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கரும் சினிமாவின் மேல் பழி போட்டவன்தான். கொலை செய்தவன் சொல்கிற சாக்கை நாம் ஏன் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்? அதே படத்தை லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டு, வழியில் பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினார்கள்.

சொல்லப்போனால் நூறாவது நாள் இந்த வரிசையில் எனக்குக் கொஞ்சம் பிடித்த படம். இத்தாலியப் படம் ஒன்றைத் தழுவியது. கொலை நடப்பதை மனக்கண்ணில் முன்கூட்டியே பார்க்கிற பெண்ணாக நளினி. அவள் சொல்வதை யாரும் சட்டை செய்வதில்லை. எல்லாம் பிரமை என்றே தள்ளிவிடுவார்கள். இந்தப் பேச்சைக் கேட்காத பெண் நம்மில் யார்? கடைசியில் அவள் கண்டது சரி. ஆபத்து இருந்ததோ, அவள் தாலி கட்டிக்கொண்டு வந்த வீட்டிலேயே. அதுவரை மைக்கைப் பிடித்துக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மோகனை அந்த வேடத்தில் போட்டது துணிச்சல்தான். இங்கே பூர்வகதை, பயம், கண் எல்லாமே அவளுடையது.

படம் கொலைகாரனை உண்டாக்குகிறதா என்பதைவிட, சாதாரண ஜனங்களுக்கு என்ன பழக்கப்படுகிறது என்பதுதான் என் கவலை. சிகப்பு ரோஜாக்களில் அவன் அந்தப் பெண்களோடு இருப்பதைப் படம் பிடித்து வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டுவான். 1978-ல் அது நம்பவே முடியாத வக்கிரமாக இருந்தது. 2019-ல் பொள்ளாச்சி விவகாரம் வெளியே வந்தபோது நம்பவேண்டியதாகிவிட்டது. பெண்களைச் சீரழித்துப் படம் பிடித்து மிரட்டிய அந்த வழக்கில் ஒன்பது பேருக்கு, சாகும் வரை சிறை என்று கோவை மகளிர் கோர்ட் 2025 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பையன்கள் படம் பார்த்துக் கெட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்தி வந்த அன்றைக்கு எத்தனை வீட்டில் முதல் கேள்வி, "அந்தப் பொண்ணுங்க ஏன் அவனுங்ககூடப் போச்சுங்க?" என்று வந்தது! அந்தக் கேள்வியை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கூப்பிட்டதும் போனவள் சாகவேண்டியவள்தான் என்கிற கணக்கை எங்கே பாடம் படித்தோம்? சினிமா மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை, தெரியும். சினிமாவும்தான் கற்றுக்கொடுத்தது.

கேட்பதற்கு ஆள் இல்லையா என்று சகோதரி கேட்டாரே, சென்சார் இருக்கிறது. 1952 சட்டம். முன்பு யூ, ஏ இரண்டுதான் பெரும்பாலும். 1983-லிருந்து நடுவில் யூ/ஏ வந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி அந்த யூ/ஏ-வையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஏ என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் தியேட்டருக்குள் வரக் கூடாது, கைக்குழந்தைகூட. நாமோ "தூங்கிடுவான்" என்று தூக்கிக்கொண்டு போகிறோம், கேட்டில் இருப்பவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

வீட்டுக்குள் வருகிற ஓ.டி.டி. படங்களுக்கு இந்த சென்சார் கிடையாது. 2021-ல் வந்த விதிப்படி அந்தக் கம்பெனிகளே வயதைப் போட்டு, 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படங்களுக்குப் பூட்டு வசதியும் கொடுக்க வேண்டும். கொடுத்தும் இருக்கிறார்கள். அமைப்பு என்கிற இடத்தில் போய் நாலு எண் ரகசியம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் அந்தக் கொழுந்தனாரையே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் நீங்கள் அழுத்துங்கள், அவர் பார்க்காமல்.

அந்த நாலு எண் பிள்ளையின் தூக்கத்தைக் காப்பாற்றும். பெரியவர்கள் பார்க்கிற படத்துக்கு அந்தப் பூட்டு கிடையாது. அதற்கு, கொலைகாரனின் பிளாஷ்பேக் துவங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் "இதிலே தப்புப் பண்ணினது யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான் கேட்கப்போய், படம் பாதியில் நின்று பேச்சு பத்தரை மணிவரை ஓடியது. தோசைமாவு பொங்கி வழிந்ததும்தான் எழுந்தோம்.

ஒரு விண்ணப்பம். இங்கே சொன்ன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொன்றவன் பெயர், நடிகர் பெயர், அவன் போட்டிருந்த கோட்டின் நிறம் வரை ஞாபகம் இருக்கும். இவற்றில் செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் பெயராவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். வருகிற கடிதங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அடுத்த இதழில், பலர் கேட்டிருந்தபடி, குழந்தைகளின் வேர்க்குரு பற்றி.